கடிகாரத்தின் பின்னே ஒரு கை

2024-ஆம் ஆண்டு, ஆகஸ்டுத் திங்கள் 4-ஆம் நாள். பாரிஸ் நகரின் ஒலிம்பிக் அரங்கு. எட்டு வீரர்கள் நூறு மீட்டர் தொலைவை ஓடி முடிக்கின்றனர். எட்டுப் பேருமே பத்து விநாடிக்குள் கோட்டைக் கடந்துவிட்டனர். ஓடியவர்கள் நின்று, மூச்சு வாங்கியபடி, அண்ணாந்து பலகையைப் பார்க்கின்றனர். வென்றவர் யார் என்று வென்றவருக்கே தெரியவில்லை! அமெரிக்க நாட்டு நோவா லைல்ஸ் தாம் தோற்றுவிட்டதாகவே எண்ணி நிற்கிறார். ஜமைக்கா நாட்டுக் கிஷேன் தாம்சன் தாம் வென்றுவிட்டோமோ என்ற நப்பாசையோடு நிற்கிறார். அரங்கம் மூச்சடக்கி நிற்கிறது.

பிறகு பலகை பேசிற்று. லைல்ஸ்: 9.784 விநாடி. தாம்சன்: 9.789 விநாடி. இருவருக்கும் இடையே ஒரு விநாடியை ஆயிரம் கூறாக்கி, அவற்றில் ஐந்தே ஐந்து கூறு! பத்தில் ஒரு விநாடியை ஒரு கண்ணிமைப்பு என்று கொண்டால், அந்த இமைப்பில் இருபதில் ஒரு பங்குதான் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவே நின்ற சுவர்.

மறுநாள் ஏடுகள் எழுதின. வீரரின் கால்களைப் பாராட்டின. பயிற்சியாளரின் திறனைப் புகழ்ந்தன. அவருடைய தாயின் கண்ணீரைக்கூடப் படம் பிடித்துப் போட்டன. வேண்டியதுதான், வேண்டாமென்று யார் சொல்வது? ஆனால் தோழர்களே, நான் ஒன்று கேட்கிறேன். அந்த ஐந்து கூறுகளைக் கண்டவர் யார்? நடுவரின் கண் காணவில்லை. அரங்கில் கூடிய பல்லாயிரவரின் கண்ணும் காணவில்லை. கண்டது, விநாடிக்கு 40,000 படம் எடுக்கும் ஒரு கேமரா. சரி, அந்தக் கேமராவைக் கோட்டுக்கு நேராக நிறுத்தியவர் யார்? வயர் இழுத்தவர் யார்? ஓட்டம் தொடங்குமுன், தொடக்கத் துப்பாக்கியின் ஒலியும் கடிகாரத்தின் துடிப்பும் ஒன்றாகப் புறப்படுகின்றனவா என்று சோதித்துப் பார்த்துத் தலையசைத்தவர் யார்?

பெயர் தெரியாது. ஏட்டில் வராது. மேடையில் நிற்கமாட்டார். அவரைப் பற்றித்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை பேச விரும்புகிறேன்.

இருதொழில் இளைஞர்

சில திங்களுக்கு முன்பு ஒரு மாவட்ட விளையாட்டு விழாவைக் காணச் சென்றிருந்தேன். மேடையில் பெரியவர்கள்; திடலில் பிள்ளைகள்; பந்தலின் ஓரத்தில், ஒரு மடக்கு மேசையின் பின்னே, குடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் கணிப்பொறியைத் தட்டிக்கொண்டிருந்தார் ஓர் இளைஞர். குடை அவருக்கன்று; கணிப்பொறிக்கு! தூறல் அவர் முதுகில் விழுந்துகொண்டிருந்தது.

நீளத்தாண்டல் நடந்துகொண்டிருந்தபோது அவருடைய தொலைபேசி ஒலித்தது. எடுத்தார். “முதலில் பிளக் சரியாக இருக்கிறதா பாருங்கள். இருக்கிறதா? சரி, பிரிண்டரை அணைத்துவிட்டு ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள்,” என்று பொறுமையாகச் சொன்னார். வைத்தார். மறுபடி தாண்டலின் அளவைப் பதிந்தார்.

“தம்பி, இதென்ன இரண்டு வேலை?” என்றேன்.

“ஆமாம் ஐயா. வாரநாளில் அலுவலகங்களுக்குத் தொழில்நுட்ப உதவி செய்கிறேன். கணிப்பொறி நின்றால், இணையம் போனால், பிரிண்டர் அடைத்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். சனி, ஞாயிறு வந்தால் விளையாட்டு விழாக்கள். நேரம் குறிப்பது, புள்ளிப்பலகை ஓட்டுவது, முடிவுப் பட்டியல் அச்சடிப்பது.”

“எது உன் தொழில்?”

சிரித்தார். “இரண்டும் ஒரே தொழில்தான் ஐயா. சரியாக நடந்தால் என்னை யாருக்கும் தெரியாது. தவறினால் ஊருக்கே தெரியும்.”

அந்த ஒரு வாக்கியம் என்னை வீடுவரை துரத்தி வந்தது. தொழிலாளர் நலம் பற்றி நாம் மேடை மேடையாகப் பேசுகிறோம். ஆலைத் தொழிலாளியைத் தெரியும் நமக்கு. கழனியில் குனிந்து நிற்பவரைத் தெரியும். ஆனால் மடக்கு மேசையின் பின்னே குடை பிடிக்கும் இந்தப் புதிய உழைப்பாளியைத் தெரியுமா? அவர் எந்தக் கணக்கில் சேர்ந்தவர்?

கைக்கடிகாரக் காலம்

இந்தத் தொழில் நேற்று முளைத்ததன்று. 1932-இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்குக்குச் சுவிட்சர்லாந்தின் ஒமேகா நிறுவனம் முப்பது ஸ்டாப் வாட்சுகளை அனுப்பி வைத்தது. அவற்றோடு அனுப்பி வைத்த ஆள் எத்தனை பேர்? ஒரே ஒருவர்! ஒரு கடிகாரத் தொழிலாளி. உலகம் திரண்ட அந்தத் திருவிழாவின் நேரமெல்லாம் அந்த ஒரு தொழிலாளியின் கைப்பக்குவத்தில் ஓடிற்று.

1948-இல் இலண்டனில், முடிவுக்கோட்டைப் படம் பிடிக்கும் கருவி பயன்பட்டது. நூறு மீட்டர் இறுதி ஓட்டத்தில் அமெரிக்க நாட்டுப் பார்னி யூவெல் தாமே வென்றதாக எண்ணிக் கொண்டாடத் தொடங்கிவிட்டார். படத்தைப் பார்த்தார்கள். வென்றவர் மற்றோர் அமெரிக்கரான ஹாரிசன் தில்லர்டு! அவருக்குக் குறிக்கப்பட்ட நேரம் 10.3 விநாடி. கண் பிரிக்க முடியாததைப் படம் பிரித்துக் காட்டிற்று.

ஆனால் கருவி இருந்தால் மட்டும் நீதி வந்துவிடுமா? 1960-இல் உரோம் நகரில் நடந்ததைக் கேளுங்கள். நூறு மீட்டர் நீச்சல். அமெரிக்க நாட்டு இலான்ஸ் லார்சனுக்குக் கையில் கடிகாரம் பிடித்த மூவர் குறித்த நேரம் 55.0, 55.1, 55.1. ஆஸ்திரேலிய நாட்டு ஜான் டெவிட்டுக்கு மூவரும் குறித்தது 55.2. சிறுபிள்ளையும் சொல்லுமே, முதல்வர் யார் என்று! ஆனால் தங்கம் யாருக்குப் போயிற்று? டெவிட்டுக்கு! கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் நடுவர்கள் தம்முள் மாறுபட்டனர். தலைமை நடுவர் தம் சொல்லால் முடித்துவைத்தார். லார்சனின் நேரமும் 55.2 என்று மாற்றி எழுதப்பட்டது. கடிகாரம் உண்மை சொன்னது. பதவி அதை அடித்துத் திருத்திற்று.

அந்த அநீதியின் நினைவு ஆறுமுன்பே, 1968-இல் மெக்சிகோ நகரில், நீச்சல் குளத்தின் சுவரில் தொட்டால் கடிகாரம் நிற்கும் பலகையைப் பொருத்தினார்கள். இனி வீரரின் கையே கடிகாரத்தை நிறுத்தும். இடையிலே எந்தப் பெரிய மனிதரின் கண்ணுக்கும் வேலையில்லை. தொழில்நுட்பம் என்பது ஆடம்பரமன்று; அதிகாரத்தின் கையிலிருந்து நீதியைப் பிரித்தெடுக்கும் கருவியாகவும் அது அமையக்கூடும் என்பதற்கு அந்தப் பலகையே சான்று.

இன்னொன்றும் உண்டு. 1972-இல் மியூனிக்கில் 400 மீட்டர் கலப்பு நீச்சல். சுவீடன் நாட்டுக் குன்னார் லார்சனுக்கும் அமெரிக்க நாட்டு டிம் மக்கீக்கும் இடையே ஆயிரத்தில் இரண்டு கூறுதான் வேறுபாடு. அதை வைத்தே தங்கம் தரப்பட்டது. பின்னர் அறிந்தோர் எண்ணிப் பார்த்தனர்: ஒரு குளத்தின் எல்லா வரிசைகளையும் அவ்வளவு நுட்பமாக ஒரே நீளத்தில் கட்ட முடியுமா? முடியாது! எனவே நீச்சலில் நூறில் ஒரு கூறு வரைதான் கணக்கு, அதற்குமேல் சமம் என்றால் இருவருக்கும் பரிசு என்று விதியை மாற்றினார்கள். கருவியின் ஆற்றலை அறிந்திருப்பது ஒரு திறமை. கருவியின் எல்லையை அறிந்து சொல்வது அதைவிடப் பெரிய நேர்மை. அந்த நேர்மை உடையவர்தான் உண்மையான தொழில்நுட்பத் தொழிலாளி.

வென்றால் இயந்திரம், தவறினால் மனிதன்

இங்கேதான், தோழர்களே, நான் சொல்ல வந்த செய்தியின் உயிர் இருக்கிறது.

2025-ஆம் ஆண்டு விம்பிள்டன் டென்னிஸ் போட்டியில் ஒரு பெரிய மாறுதல். 1877-இல் தொடங்கிய அந்தப் போட்டியில், கோட்டருகே நின்று பந்து உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று குரல் கொடுத்துவந்த கோட்டு நடுவர்கள் முதன்முறையாக நீக்கப்பட்டார்கள். ஏறத்தாழ 300 பேர் செய்துவந்த வேலை அது. அவர்களில் ஏறத்தாழ 80 பேர் உதவியாளர்களாக அமர்த்தப்பட்டனர். மற்றவர் நிலை? கேட்பாரில்லை. “இனி மனிதத் தவறு இல்லை, கேமரா பார்க்கும், கணிப்பொறி சொல்லும்” என்று பெருமை பேசினார்கள்.

ஜூலை 6-ஆம் நாள் வந்தது. நடு அரங்கில் உருசிய நாட்டு அனஸ்தாசியா பவ்லியுசென்கோவாவும் பிரிட்டனின் சோனே கார்ட்டலும் ஆடுகிறார்கள். முதல் செட்டில் நாலுக்கு நாலு. அந்த ஆட்டத்தை முடிக்கப் பவ்லியுசென்கோவாவுக்கு ஒரு புள்ளிதான் வேண்டும். கார்ட்டல் அடித்த பந்து கோட்டுக்கு வெளியே விழுகிறது. எல்லோரும் பார்க்கிறார்கள். இயந்திரம் மட்டும் பேசவில்லை! நடுவர் என்ன செய்தார்? அந்தப் புள்ளியை மறுபடி ஆடச் சொன்னார். அந்த ஆட்டம் பவ்லியுசென்கோவாவின் கையை விட்டுப் போயிற்று. நல்ல வேளை, முடிவில் அவரே வென்றார்.

காரணம் என்ன? ஆடுகளத்தின் ஒரு பகுதியில் அந்தக் கருவி தவறுதலாக அணைக்கப்பட்டிருந்ததாம். இயக்கியவரின் தவறு என்று போட்டி நடத்துவோர் சொன்னார்கள். மனிதத் தவறே இல்லாத இயந்திரம் என்று முந்தாநாள் முழங்கினார்களே, இயந்திரத்துக்குள் மனிதன் எங்கிருந்து வந்தான்? அவன் அங்கேதான் இருந்தான், தோழர்களே! கோட்டருகே நின்ற மனிதனை அனுப்பிவிட்டு, திரைக்குப் பின்னே ஓர் அறையில் மற்றொரு மனிதனை உட்கார வைத்தார்கள். கோட்டருகே நின்றவனை உலகம் பார்த்தது. அறையில் உட்கார்ந்தவனை எவரும் பார்க்கவில்லை. பிழை நேர்ந்த அன்றுதான் அவன் இருப்பதே ஊருக்குத் தெரிந்தது!

இதுதான் வழக்கம். வென்றால் இயந்திரத்தின் வெற்றி. தவறினால் மனிதனின் தவறு. புகழ் கருவிக்கு, பழி கைக்கு.

இன்னொன்று கேளுங்கள். 2012, ஜூலை 30. இலண்டன் ஒலிம்பிக். பெண்கள் வாட்போர் அரையிறுதி. தென்கொரிய நாட்டு ஷின் ஆ-லாம், ஜெர்மானிய நாட்டுப் பிரித்தா ஹைடெமன். ஒரு விநாடி கடந்தால் ஷின் வென்றவர். அந்த ஒரு விநாடி கடக்கவே இல்லை! வாள்கள் மோதின, நிறுத்தினார்கள், மறுபடி மோதின. பலகையில் அந்த ‘ஒன்று’ அப்படியே நின்றது. கடைசியில் ஹைடெமன் தொட்டார். ஷின் தோற்றதாகத் தீர்ப்பு. முறையீடு நடக்கும்போது மேடையை விட்டு இறங்கினால் தீர்ப்பை ஏற்றதாகிவிடும் என்பது விதி; ஆகவே அந்தப் பெண் ஏறத்தாழ ஒரு மணி நேரம் அழுதபடி மேடையிலேயே உட்கார்ந்திருந்தார். பல ஆண்டுப் பயிற்சி ஒரு விநாடியில் கரைந்தது. கடிகாரத்தை இயக்கியவர் ஊதியமில்லாத ஓர் இளந்தொண்டர் என்று பின்னர் செய்திகள் வந்தன. அந்தத் தொண்டர் மீது எனக்குச் சினம் இல்லை. அனுபவம் இல்லாத கையில் அவ்வளவு பெரிய பொறுப்பைத் திணித்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்திருந்தோர் மீதே சினம்!

2020, ஜூன் 17. இங்கிலாந்தில் ஆஸ்டன் வில்லாவும் ஷெபீல்டு யுனைடெட்டும் ஆடிய காற்பந்து. வில்லாவின் கோல் காப்பாளர் பந்தோடு கோட்டைக் கடந்து உள்ளே சென்றுவிட்டார். நடுவரின் கைக்கடிகாரத்துக்கு வரவேண்டிய குறிப்பு வரவில்லை. ஏழு கேமராக்களின் பார்வையும் மறைந்துபோயிற்று என்று கருவி நிறுவனம் பிறகு மன்னிப்புக் கேட்டது. ஆட்டம் கோலின்றி முடிந்தது. அந்தப் பருவத்தின் முடிவில் ஒரே ஒரு புள்ளியால் வில்லா முதற்பிரிவில் தங்கிற்று. போர்ன்மத் அணி கீழே இறங்கிற்று. ஒரு குறிப்பு வராததால் ஓர் ஊரின் அணிக்கே தலைவிதி மாறுகிறது!

தவறுகளை மட்டும் சொன்னால் நீதியாகாது. 2018, பிப்ரவரி 9. தென்கொரியாவின் பியாங்சாங் நகரில் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழா. வாணவேடிக்கை வானில் பூத்துக்கொண்டிருக்கையில், திரைக்குப் பின்னே இருந்த கணிப்பொறிகள் ஒவ்வொன்றாய்ச் செத்து விழுந்தன. இணையதளம் முடங்கிற்று, கம்பியில்லா இணைப்பு போயிற்று, சீட்டு அச்சிட முடியவில்லை. திட்டமிட்ட நாசவேலை அது. உருசிய இராணுவ உளவுத்துறையினர் செய்தது என்று 2020-இல் அமெரிக்க அரசு குற்றம் சாட்டிற்று. அன்றிரவு தொழில்நுட்பத் தொழிலாளர்கள் உறங்கவில்லை. எல்லாவற்றையும் துண்டித்து, கிருமியைக் களைந்து, மறுபடி கட்டி எழுப்பினார்கள். பொழுது விடிந்தது; போட்டிகள் நடந்தன. பார்க்க வந்தோரில் எத்தனை பேருக்குத் தெரியும், முந்திய இரவில் ஒரு போர் நடந்து முடிந்ததென்று? அந்தப் போரில் வென்றவர்களுக்குப் பதக்கம் எது?

மூன்று வாதங்கள், மூன்று விடைகள்

“இவர்களுக்கு என்ன குறை? மற்றவர் காசு கொடுத்துப் பார்க்கும் ஆட்டத்தை இவர்கள் இலவசமாகப் பார்க்கிறார்களே!” என்பர் சிலர். பார்க்கிறார்களா? நான் கண்ட இளைஞர் அன்று ஒரு தாண்டலைக்கூடப் பார்க்கவில்லை. அவர் பார்த்தது எண்களை. திடல் முழுதும் கைதட்டிய நேரத்தில் அவர் குனிந்து கேபிளைத் தேடிக்கொண்டிருந்தார். கல்யாண வீட்டுச் சமையற்காரர் விருந்து உண்டதாகச் சொல்வதுபோல இருக்கிறது இந்த வாதம்!

“இதெல்லாம் தொண்டு, தொண்டுக்குக் கூலி கேட்கலாமா?” என்பர் வேறு சிலர். தொண்டை நான் இழித்துப் பேசுவேனா? தொண்டால் வளர்ந்த இயக்கத்தின் ஏட்டில் எழுதுகிறேன். 2012-இல் இலண்டனில் 70,000 தொண்டர்கள் உழைத்தார்கள். 2024-இல் பாரிஸில் 45,000 பேர். வழி காட்டினார்கள், வரவேற்றார்கள், முதியோரைக் கைபிடித்து அழைத்துச் சென்றார்கள். போற்றுகிறேன். ஆனால் மருத்துவமனையில் நோயாளிக்கு ஆறுதல் சொல்பவர் தொண்டராகலாம். அறுவைக் கத்தியைத் தொண்டரின் கையில் கொடுப்போமா? ஒருவர் வாழ்வின் உழைப்பைத் தீர்மானிக்கும் கடிகாரமும் அப்படித்தான். விளம்பரப் பலகைக்குப் பணம் உண்டு, மேடைக்குப் பணம் உண்டு, பொன்னாடைக்குப் பணம் உண்டு, கடிகாரத்தின் பின்னே உள்ள கைக்கு மட்டும் பணம் இல்லையென்றால், அதன் பெயர் தொண்டன்று, சுரண்டல்!

“ஆண்டுக்குச் சில நாள் வேலைக்கு எப்படி ஒரு தொழிலென்று பெயர் வைப்பது?” என்பது மூன்றாவது வாதம். சற்றுக் கனமான வாதம். விடையும் கனமாகவே சொல்ல வேண்டும். விதைப்பும் அறுப்பும் ஆண்டுக்குச் சில நாள்தான். அதனால் உழவுத் தொழிலாளி தொழிலாளி அல்லர் என்று சொல்வோமா? பருவ வேலை என்பதால்தான் இந்த இளைஞர்கள் இரண்டு தொழிலை ஒன்றாகக் கட்டிக்கொள்கிறார்கள். வாரநாளில் கணிப்பொறி பழுது பார்த்துக் கற்ற பொறுமை, வார இறுதியில் திடலில் கைகொடுக்கிறது. திடலில் நெருக்கடியில் கற்ற விரைவு, திங்கட்கிழமை அலுவலகத்தில் கைகொடுக்கிறது. ‘முதலில் பிளக்கைப் பார்’ என்ற பாடம் இரண்டுக்கும் பொது. ஒன்று கெட்டால் மற்றொன்று ஆயத்தமாக இருக்கவேண்டும் என்ற விதி இரண்டுக்கும் பொது. பதற்றப்படுபவரிடம் பதறாமல் பேசும் பண்பும் இரண்டுக்கும் பொது.

ஆனால் இரண்டு தொழில் என்றால் இரண்டு முதலாளி. இதிலேதான் அவர் நசுங்குகிறார். “ஞாயிற்றுக்கிழமை வேலை பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை தூங்கி வழிகிறாயே, உன் உண்மையான வேலை இதுவா, அதுவா?” என்று அலுவலகத்தார் அதட்டுகிறார்கள். “உனக்குத்தான் வாரநாளில் சம்பளம் வருகிறதே, எங்களிடம் என்ன பேரம்?” என்று விழா நடத்துவோர் கேட்கிறார்கள். அவர் விழுந்து அடிபட்டால் அலுவலகம் கைவிரிக்கும். “எங்கள் ஆள் இல்லையே” என்று விழாக் குழுவும் கைவிரிக்கும். உழைப்பை வாங்க இருவர். பொறுப்பை ஏற்க ஒருவருமில்லை!

நம் மண்ணில் நடந்தது

இது எங்கோ மேல்நாட்டுக் கதை என்று எண்ணிவிடாதீர்கள். 2022-ஆம் ஆண்டு 44-ஆவது செஸ் ஒலிம்பியாடு நம் மாமல்லபுரத்தில் நடந்தது. 180-க்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து அணிகள் வந்தன. உருசியாவில் நடக்க வேண்டிய போட்டி, உக்ரைன் போருக்குப் பின் அங்கிருந்து எடுக்கப்பட்டு, சில திங்களுக்குள் நம்மிடம் வந்தது. நடத்திக் காட்டினோம், உலகம் மெச்சிற்று.

சதுரங்கத்தில் என்ன தொழில்நுட்பம் என்று கேட்கலாம். பெரிய போட்டிகளில் பயன்படும் மின்னணுப் பலகையில் ஒவ்வொரு காயையும் பலகையே உணர்கிறது. சென்னையில் யானை நகர்ந்தால், அந்த நகர்வு மறுநொடி கடல்கடந்த வீட்டில் தெரிகிறது. ஆட்டம் முடிந்ததும் இரு அரசர்களையும் நடுக்கட்டங்களில் குறித்த முறைப்படி வைக்கவேண்டும். வென்றவர் யார், சமமா என்பதைப் பலகை அதைக்கொண்டே அறியும். வீரர்களோ ஆட்டம் முடிந்த பரபரப்பில் காய்களைக் கலைத்து, “நீ இப்படி ஆடியிருந்தால்...” என்று பேசத் தொடங்கிவிடுவார்கள்! பலகை குழம்பும். உடனே யாரோ ஒருவர் ஓசைப்படாமல் வந்து சரிசெய்யவேண்டும். நூற்றுக்கணக்கான பலகைகள் ஒரே நேரத்தில் ஓடும் மண்டபத்தில், அந்த ‘யாரோ ஒருவர்’ எத்தனை முறை குனிந்து நிமிர்ந்திருப்பார்!

அதன் பின்னும் 2024 ஜனவரியில் சென்னை, மதுரை, திருச்சி, கோவை ஆகிய நகரங்களில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகள் நடந்தன. 2030-இல் காமன்வெல்த் விளையாட்டு அகமதாபாத்தில் நடக்கவிருக்கிறது. அரங்கங்கள் எழும், சாலைகள் அகலும், ஒப்பந்தங்கள் போடப்படும். அந்த ஒப்பந்தத் தாள்களில் சிமெண்டு மூட்டைக்கு ஒரு வரி இருக்கும். நாற்காலிக்கு ஒரு வரி இருக்கும். கடிகாரத்தின் பின்னே உட்காரப்போகிற நம் பிள்ளைக்கு ஒரு வரி இருக்குமா? இப்போதே கேட்டாக வேண்டும். விழா முடிந்தபின் கேட்டால் பந்தலைப் பிரித்த இடத்தில் நின்று கேட்பதாகும்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2020-இல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. வழக்கமான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே உழைப்பவர்களையும் அது பெயர் சொல்லிக் குறிக்கிறது. ஆனால் அதன் பட்டியலில் வண்டி ஓட்டுபவரும் உணவு கொண்டு சேர்ப்பவரும் இடம்பெற்ற அளவுக்கு, பந்தயத் திடலின் தொழில்நுட்பத் தொழிலாளிக்குத் தனிப்பெயர் இல்லை. ஏட்டில் எழுதப்பட்ட உரிமை வீட்டில் உலையாக வேண்டுமானால், இடையில் ஓர் இயக்கம் வேண்டும்.

என்ன கேட்கிறோம்?

நிலவைக் கேட்கவில்லை, நியாயத்தைக் கேட்கிறோம்.

முதலாவது, எழுத்தில் ஏற்பாடு. எத்தனை நாள், எத்தனை மணி, எவ்வளவு கூலி, எந்த நாளில் கிடைக்கும் என்பது விழா தொடங்குமுன் தாளில் வரவேண்டும். “பிறகு பார்த்துக்கொள்ளலாம் தம்பி” என்ற வாய்ப்பேச்சு ஒழியவேண்டும்.

இரண்டாவது, ஒரு கடிகாரத்துக்கு இரண்டு ஆள். காலை ஆறு மணி முதல் இரவு வரை ஒருவரையே உட்கார வைத்துவிட்டு, மாலையில் அவர் தவறினால் அதை அவர் தவறென்பது அறமன்று. களைத்த கண் தவறும்; அது இயற்கை. களைக்க வைத்தவர்தான் குற்றவாளி.

மூன்றாவது, பயிற்சியும் சான்றும். நடுவருக்குத் தேர்வு உண்டு. பயிற்சியாளருக்குப் பட்டயம் உண்டு. நேரம் குறிப்போருக்கும் முடிவு தொகுப்போருக்கும் தொழிற்பயிற்சி நிலையங்களில் ஒரு பாடம் வைத்தால் என்ன குறைந்துவிடும்? மாவட்டத்துக்கு இருபது பிள்ளைகள் கற்றாலும், பெருவிழா வரும்போது வெளியிலிருந்து ஆள் தேட வேண்டியதில்லை.

நான்காவது, காப்பீடு. மழையில் வயர் இழுப்பவர் அவர். ஜெனரேட்டர் அருகே நிற்பவர் அவர். உயரக் கம்பத்தில் கேமரா கட்ட ஏறுபவர் அவர். அவருக்கு அடிபட்டால் யார் பொறுப்பு என்பது விழா நாளன்றே தெரிந்திருக்க வேண்டும்.

ஐந்தாவது, காசில்லாத ஒரு கோரிக்கை. முடிவுப் பட்டியலின் அடியில் நடுவரின் கையொப்பம் இருக்கிறதல்லவா? அதன் கீழே, நேரம் குறித்தவரின் பெயரும் ஒரு வரியில் அச்சாகட்டும். பழி வரும்போது மட்டும் தேடப்படும் பெயர், பணி முடிந்தபோதும் சொல்லப்படட்டும்.

நம்மிடமிருந்து தொடங்குவோம்

இதையெல்லாம் அரசிடம் கேட்போம். விழாக் குழுக்களிடம் கேட்போம். ஆனால் அதற்குமுன் நம்மை நாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும், தோழர்களே! கசப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊர்தோறும் நாம் கபடிப் போட்டி நடத்துகிறோம். தலைவர் பிறந்தநாள் என்றால் கைப்பந்து; ஆண்டு விழா என்றால் கிரிக்கெட்டு. சுவரொட்டியில் நம் பெயர் பெரிதாக இருக்கிறது. கோப்பை தோளளவு உயரம் இருக்கிறது. மேடையில் மாலை மேல் மாலையாக விழுகிறது. இரவு பதினொரு மணிக்கு எல்லோரும் கலைந்த பின்பு, விளக்கைக் கழற்றி, மைக் செட்டைக் கட்டி, புள்ளிப்பலகையைத் துடைத்து வண்டியில் ஏற்றும் அந்தப் பிள்ளைக்கு நாம் என்ன கொடுத்தோம்? ஒரு பனியன், ஒரு பொட்டலம் பிரியாணி, “நம்ம பையன்தானே” என்று முதுகில் ஒரு தட்டு! பாக்கிப் பணத்துக்கு அவர் எத்தனை முறை நம் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்? நம் மனச்சாட்சி கணக்கு வைத்திருந்தால் அது சொல்லட்டும்.

பிறரிடம் நீதி கேட்கும் வாய், தன் வீட்டில் நீதி வழங்கிய பின்பே உரக்கப் பேசும் உரிமை பெறும். அடுத்த போட்டிக்குச் செலவுக் கணக்கு எழுதும்போது, மாலைக்கும் சுவரொட்டிக்கும் மேலே முதல் வரியாக எழுதுங்கள்: நேரம் குறிப்போர், புள்ளி குறிப்போர், விளக்கும் ஒலியும் அமைப்போர் — கூலி இவ்வளவு. போட்டி முடிந்த அன்றிரவே, அந்தத் திடலிலேயே, கையில் கொடுங்கள். வென்ற அணிக்குக் கோப்பை தரும் மேடைக்கு அவரையும் ஏற்றி, பெயரைச் சொல்லி, கைதட்டச் சொல்லுங்கள். ஒரு கிளை செய்தால் மற்றொரு கிளை வெட்கப்பட்டாவது செய்யும். ஊர்கள் செய்தால் மாவட்டம் செய்யும். மாவட்டம் செய்தால் அரசாணை தானே வரும்.

இளைஞர்களுக்கும் ஒரு சொல். கணிப்பொறி பழுது பார்ப்பதும், பந்தயத்தில் கடிகாரம் பார்ப்பதும் சிறு வேலையென்று எவரேனும் சொன்னால், 1960-இல் உரோமில் அழிக்கப்பட்ட அந்த எண்ணைச் சொல்லுங்கள். 2012-இல் மேடையில் அழுதுகொண்டிருந்த அந்தப் பெண்ணைச் சொல்லுங்கள். நீங்கள் காப்பது கருவியை அன்று; ஏழை வீட்டுப் பிள்ளை ஒருவன் ஆண்டுக்கணக்கில் விடியற்காலையில் எழுந்து ஓடிச் சேர்த்த உழைப்பின் கணக்கை. அந்தக் கணக்கில் ஒரு நொடி பிசகாமல் எழுதுபவர் எவரோ, அவரும் நீதி வழங்குபவரே.

சென்ற திங்கள் அந்த மாவட்டத்துக்குப் போனபோது, குடை பிடித்த இளைஞரை விசாரித்தேன். விழாவில் பேசிய பணம் இன்னும் வரவில்லையாம். ஆனால் அடுத்த விழாவுக்கு அழைப்பு மட்டும் வந்துவிட்டதாம்! “போவாயா தம்பி?” என்றேன். “போகாவிட்டால் பிள்ளைகள் ஓடிய நேரம் யார் எழுதுவது ஐயா?” என்றார்.

பிள்ளைகளின் நேரத்தை அவர் காக்கிறார். அவருடைய நேரத்தை நாம் காக்க வேண்டாமா?